நந்தி மலையில் பறவை பார்க்க 3,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வசிக்கிறோம். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்கு 'சன்ரைஸ் பேர்டிங்' என்று ஒருவர் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்திருக்கிறார். தலைக்கு 3,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மொத்தம் 15 பேர். அதிகாலை 3.30-க்கு வண்டி வரும், 9 மணிக்குக் கிளம்பிவிடலாம் என்கிறார். 40 வகைப் பறவைகள் காட்டுவாராம். மஞ்சள்தொண்டைச் சின்னானும் நீலகிரிக் காட்டுப்புறாவும் 'கேரண்டி' என்கிறார். அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. மகளுக்குப் 10 வயது. எங்கள் மூவருக்கும் 10,500 ரூபாய் தகுமா? பனிமூட்டம் வந்தால் பணம் போச்சா? எந்த பைனாகுலர் வாங்கலாம்?

பதில்: இந்த ஏற்பாட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். நந்தி மலைக்குக் கட்டாயம் போங்கள். நல்ல வழிகாட்டி கிடைத்தால் அவருக்கு உரிய கூலியைக் கொடுத்தே போங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, 15 பேர், சூரிய உதயம், கேரண்டி ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தால் பறவை பார்ப்பது நடக்காது.

உதயத்தையும் பறவையையும் ஒரே டிக்கெட்டில் விற்பதுதான் இதில் முதல் கோளாறு. உதயம் பார்க்க 1,478 மீட்டர் உயரத்தில், கிழக்கு விளிம்பில் போய் நிற்க வேண்டும். மஞ்சள்தொண்டைச் சின்னான் இருப்பதோ பாறையும் முட்புதரும் கலந்த சரிவுகளிலும் அடிவாரத்திலும். அந்தப் பாறைகள் வெயில் பட்டதும் சீக்கிரம் சூடேறிவிடும். அதனால் அங்கே பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடுவது வெளிச்சம் வந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான். உங்கள் ஏற்பாட்டாளர் அந்த ஒன்றரை மணி நேரத்தையும் மேலே, கூட்டத்துக்கு நடுவில், மேகத்தைப் பார்ப்பதில் கழித்துவிடுவார். 8 மணிக்குமேல் அவசர அவசரமாக ஒரு சுற்று. 9 மணிக்குக் கிளம்பல். உச்சியில் உள்ள மரக்கூட்டம் நிழலும் ஈரமுமாக இருப்பதால் 10 மணி வரைகூடப் பறவைகள் நடமாடும். அந்த நேரமும் இந்தத் திட்டத்தில் இல்லை.

சரியான வரிசை இதற்கு நேர் தலைகீழ்: முதலில் கீழே, பிறகு மேலே. ஜனவரியில் இங்கே சூரியன் 6.45 மணியை ஒட்டி உதிக்கும். ஒயிட்ஃபீல்டிலிருந்து 4.45-க்குப் புறப்பட்டால் தேவனஹள்ளி வழியாக 6.30-க்கு அடிவாரம் வந்துவிடலாம். நந்தி கிராமத்துப் போக நந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றிலும், சுல்தான்பேட்டைப் பக்கத்துப் பாறைச் சரிவின் அடியிலும் 8 மணி வரை நில்லுங்கள். பிறகு மேலே ஏறி, 8.30 முதல் 10.30 வரை மரநிழல் பாதைகள். சுல்தான்பேட்டையிலிருந்து மேலே போகும் பழைய படிக்கட்டு 1,175 படி. அம்மாவுக்கு அது வேண்டாம். மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பறவை பார்க்கவும் வேண்டாம். உதயம் பார்த்துவிட்டு இறங்கும் பைக்குகள் வளைவில் எதிர்ப்பக்கம் ஏறி வருவது அங்கே அன்றாடம் நடக்கிறது.

கிழமைக்கு வருவோம். வாரநாள் எடுங்கள், செவ்வாயோ புதனோ. வார இறுதியில் நுழைவாயிலுக்குக் கீழே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வாயில் திறக்கும் நேரம், வார இறுதி வாகனக் கட்டுப்பாடு, நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் அடிக்கடி மாறுகின்றன. முன்தினமே உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டக்கலை, வனம், சுற்றுலா என்று பல துறைகளின் கை இந்த மலையில் இருக்கிறது. இத்தனை துறைகள் இருந்தும், விடியற்காலையில் ஹாரன் அடிக்காதே, பாட்டுப் போடாதே என்று சொல்ல ஓர் ஆளை நிறுத்த முடியவில்லை. காலைப் பேருந்து வந்து சேர்வதற்குள் பறவை நேரம் முடிந்துவிடும். பறவைக்காக ஒரு வாகனம், ஒரு பாதை, ஒரு மணி நேர அமைதி கேட்டால் அதற்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. நுழைவுச்சீட்டு கிழிக்க மட்டும் ஆள் இருக்கிறார்கள்.

இப்போது 'கேரண்டி'. காட்டுப்பறவைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்பவர் இரண்டில் ஒன்றைச் செய்யப்போகிறார். ஒன்று, வேறு பறவையைக் காட்டிப் பேரை மாற்றிச் சொல்வார். அல்லது, செல்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுப்பார்.

முதலாவதிலிருந்து தப்பிக்க உங்களுக்குக் கொஞ்சம் அடையாளம் தெரிந்திருந்தால் போதும். மஞ்சள்தொண்டைச் சின்னானுக்குக் கொண்டை கிடையாது. தலையும் தொண்டையும் மஞ்சள், உடல் சாம்பல் கலந்த மங்கிய பச்சை, வாலின் அடிப்பக்கத் தொடக்கத்திலும் மஞ்சள். வால் விரியும்போது நுனி வெளிறித் தெரியும். பெரும்பாலும் இணையாகத் திரியும். பாறை உச்சியிலோ பழுத்த அத்திவகை மரத்திலோ வந்து உட்காரும், சில விநாடியில் சரிவுக்குக் கீழே பாய்ந்து மறையும். இதன் பெயரில் உங்களுக்குக் காட்டப்படுவது அநேகமாக வெண்புருவச் சின்னான். அதுவும் மங்கிய பச்சைதான், பின்பகுதியில் மஞ்சளும் உண்டு. ஆனால் கண்ணுக்குமேல் வெள்ளைக் கோடு இருக்கும், தலை மஞ்சளாக இருக்காது, புதருக்குள்ளிருந்து திடீரென்று படபடவென்று குரல் வெடிக்கும். கொண்டையும் கன்னத்தில் சிவப்புப் பொட்டும் தெரிந்தால் அது சிவப்பு மீசைச் சின்னான். தலையைப் பாருங்கள், தலை முழுக்க மஞ்சளாக இல்லாவிட்டால் வழிகாட்டி என்ன சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

இரண்டாவதுதான் பெரிய கேடு. குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பறவை இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு சண்டைக்கு வருகிறது. படம் எடுக்கிறவருக்கு அது நல்ல நிமிடம். அந்தப் பறவைக்கு அது வீணான சக்தி, வேட்டைப்பறவையின் கண்ணில் படும் ஆபத்து. மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியத் தீபகற்பத்துக்கு வெளியே உலகில் எங்கும் கிடையாது. அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. பெங்களூருக்கு 60 கிலோமீட்டரில் எளிதாகப் பார்க்கக் கிடைக்கிறது என்பதாலேயே, வாரம் தவறாமல் ஒவ்வொரு குழுவும் ஒரே பாறையில் இருக்கும் ஒரே இணைக்கு ஸ்பீக்கரை நீட்டுகிறது. நீல ராபின் என்ற சிறு பறவைக்குப் புழுவைத் தூவிக் கூப்பிடுவதும் இதே வகைதான். கூட்டுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்ப் படம் எடுக்க வைப்பவரை உடனே விட்டு விலகுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது.

நீலகிரிக் காட்டுப்புறா பற்றி: மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் பறவை, அதைவிட்டுத் தள்ளி நந்தி மலையிலும் கொஞ்சம் இருக்கிறது. பழம் பழுத்த மரம் எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கும். அன்று அந்த மரம் எது என்று தெரிந்தவருக்குக் கிடைக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

'40 வகை' என்ற எண்ணுக்கும் மயங்காதீர்கள். காதில் விழுந்த குரலையெல்லாம் சேர்த்தால் 40 வந்துவிடும். இப்போது, பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையில் வரும் பெயர்களை உரக்கப் படிப்பவரெல்லாம் வழிகாட்டி ஆகிவிட்டார்கள். அது நல்ல செயலி, இலவசம், உங்கள் செல்பேசியிலேயே போட்டுக்கொள்ளலாம். அதைப் படித்துக் காட்ட 3,500 ரூபாய் எதற்கு? அதுவும் தவறும். கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே போலி செய்யும், செயலி அதை நம்பிவிடும். மூன்று மணி நேரத்தில் 12 பறவைகளை உங்கள் மகள் நிதானமாகப் பார்த்து, அடுத்த முறை தானே அடையாளம் சொன்னால், அதுதான் கொடுத்த பணத்துக்குச் சரியான கணக்கு.

வழிகாட்டிக்கு நீங்கள் பணம் கொடுப்பது அவர் காதுக்கும், எந்த நேரத்தில் எங்கே நிற்பது என்ற அறிவுக்கும். அது யாரிடம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பறவை வழிகாட்டி என்று போட்டுக்கொள்ள இங்கே தனி உரிமம் எதுவும் தேவையில்லை. கேமரா வைத்திருப்பவர் எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள், கேட்பாரில்லை. ஆகவே நீங்கள்தான் சோதிக்க வேண்டும். அவருடைய ஈபேர்ட் பக்கத்தைக் கேளுங்கள். பறவை பார்ப்பவர்கள் தேதி, இடம், எண்ணிக்கையோடு பதிவு செய்யும் இலவசத் தளம் அது. நந்தி மலையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அவர் இட்ட பட்டியல்கள் இருக்கின்றனவா, ஒவ்வொரு பறவைக்கும் எண்ணிக்கை போட்டிருக்கிறாரா, சாதாரண மைனா, காகம் எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரிய பறவைகள் மட்டுமே உள்ள பட்டியல் விளம்பரத்துக்கு எழுதியது. பிறகு, "சவுண்ட் போடுவீங்களா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "தேவைப்பட்டா போடுவேன்" என்றால் வேண்டாம். "பறவை வரலைன்னா என்ன செய்வீங்க?" என்றும் கேளுங்கள். "வேற இடத்துல நின்னு பார்ப்போம், அப்பவும் வரலைன்னா இல்லைதான்" என்பவரை நம்பலாம்.

பணம் வாங்குபவர் ஒருவர், அன்று காலையில் வருபவர் இன்னொருவர் என்பதுதான் இந்தத் தொழிலில் மிகப் பழகிப்போன ஏமாற்று. விளம்பரத்தில் போட்ட படங்கள் அனுபவசாலி எடுத்தவை. வண்டியில் வந்து இறங்குவது போன மாதம்தான் பறவை பார்க்கத் தொடங்கிய மாணவர். 15 பேர் தலா 3,500 கொடுத்தால் 52,500 ரூபாய். அதில் வழிகாட்டிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. நல்ல வழிகாட்டியை நேரடியாக அமர்த்தி, உங்கள் குடும்பத்தோடு இன்னொரு குடும்பத்தைச் சேர்த்து 6 பேருக்கு மிகாமல் போனால் செலவும் கட்டுப்படியாகும், அவருக்கும் உழைப்புக்கேற்ற பணம் சேரும். காட்டுப்பாதையில் 15 பேர் வரிசையாக நின்றால், முன்னால் இருப்பவருக்குத் தெரிந்த பறவை கடைசி ஆள் வருவதற்குள் பறந்திருக்கும். அம்மாவும் குழந்தையும்தான் கடைசியில் நிற்பார்கள்.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள், நான்கில் ஒரு பங்கு போதும். வழிகாட்டியின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், வாயில் அல்லது சாலை மூடப்பட்டால் பணம் திரும்புமா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். யுபிஐ-யில் பணம் யார் பெயருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். 2021 ஆகஸ்டில் மண்சரிந்து மலைச்சாலையே அடைபட்டது. மழைக்காலத்தில் போவதாக இருந்தால் இந்த நிபந்தனை இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

வண்டியின் எண் பலகையையும் பாருங்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார வாடகை வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை போட்ட சொந்த வண்டியில் ஆள் ஏற்றிக் காசு வாங்குவது சட்டவிரோதம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். அதிகாலை இருட்டில், தூங்காத ஓட்டுநரோடு, மலைச்சாலையில் அம்மாவையும் குழந்தையையும் அந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.

பனிமூட்டம் பற்றிய பயத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் மூட்டத்தைக் கண்டதும் திரும்பிவிடுகிறார்கள். உதயத்துக்கு வந்தவருக்கு மூட்டம் நஷ்டம். பறவைக்கு வந்தவருக்கு அப்படியில்லை. மேலே தெரிவது பெரும்பாலும் மலையுச்சியில் தங்கிய மேகம். அதே நேரத்தில் அடிவாரம் தெளிவாக இருக்கும், ஆகவே கீழே தொடங்கும் திட்டத்துக்கு ஒரு குறையும் வராது. உச்சியிலும் முழு நஷ்டம் கிடையாது. வெளிச்சம் மங்கலாகவே நீடிப்பதால், தரையில் சருகைப் புரட்டி இரை தேடும் பறவைகள் வழக்கத்தைவிட அதிக நேரம் பாதையோரத்தில் நிற்கும். இந்திய நீல ராபின், செந்தலைப் பூங்குருவி, புள்ளிச் சிலம்பன் எல்லாம் அந்த வகை. இமயமலையில் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே இறங்கும் நீலத்தலைப் பூங்குருவியும் தாழ்ந்த கிளைக்கு வரும். இவை நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நன்றாகக் கிடைக்கும், அதனால் உங்கள் மாதத் தேர்வு சரி. மூட்டத்தில் இழப்பது மர உச்சிப் பறவைகளை. கதிர்க்குருவியும் ஈப்பிடிப்பானும் வெறும் நிழலுருவாகத் தெரியும், காட்டுப்புறா கண்ணில் படாது, கழுகும் வல்லூறும் எழும்பாது. மூட்டத்தோடு பலத்த காற்றும் சேர்ந்தால் நிலைமை வேறு. எல்லாம் புதருக்குள் அடங்கிவிடும், அப்போது அடிவாரத்திலேயே இருங்கள். தூறலும் சேர்ந்தால் ஏறவே வேண்டாம், சாலை வழுக்கும்.

மூட்ட நாளில் பைனாகுலர் கண்ணாடியில் நீர் படிவதாகப் பலர் புலம்புவார்கள். காரின் ஏசியில் குளிர்ந்த கண்ணாடி ஈரக்காற்றில் பட்டால் அப்படித்தான் ஆகும். மலையடிவாரத்துக்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியை அணைத்துக் கார் ஜன்னலை இறக்கிவிடுங்கள். பைனாகுலரைச் சட்டைக்குள் வைக்காதீர்கள், வாயால் ஊதித் துடைக்காதீர்கள்.

பைனாகுலர் 8x42 வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. விடியற்காலைக்கும் மரநிழலுக்கும் 4-க்குக் குறையக் கூடாது. கையடக்கமான 10x25-இல் அது 2.5தான், ராபின் நிற்கும் இடத்தில் கறுப்புதான் தெரியும். இணையத்தில் '100x ஜூம்' என்று விற்பதைத் தொடவே வேண்டாம். நிக்கான், ஒலிம்பஸ் போன்றவற்றின் எளிய மாதிரிகள் போதும். மூக்குக்கண்ணாடி அணிபவர் என்றால், கண்வில்லையிலிருந்து கண் விலகியிருந்தாலும் முழுக் காட்சி தெரியும் தூரம் ('ஐ ரிலீஃப்') 15 மில்லிமீட்டருக்குமேல் உள்ளதா என்று பாருங்கள். மகளுக்கு 8x30 அல்லது 8x32. குழந்தையின் கண்களுக்கு இடையே தூரம் குறைவு, பெரிய பைனாகுலர் அவ்வளவு நெருக்கமாக மடங்காது, இரண்டு வட்டமாகத் தெரியும். குழந்தை சலித்துப்போவது அதனால்தான்.

வாங்கியதும் வீட்டிலேயே ஒருமுறை சரிசெய்யுங்கள். வலக்கண்ணை மூடி, தூரத்து எழுத்து ஒன்றை இடக்கண்ணால் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்வில்லையை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் இதைச் சொல்லித் தருவதே இல்லை. 'பைனாகுலர் உண்டு' என்ற பேக்கேஜில் ஆறு பேருக்கு ஒன்று சுற்றி வரும். உங்கள் கைக்கு வரும்போது வேறொருவர் கண்ணுக்கு அமைத்தது இருக்கும், பறவையும் போயிருக்கும்.

அம்மாவின் முழங்காலுக்காக இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். உச்சியில் பாவிய பாதைகள் உண்டு, ஏற்ற இறக்கம் உண்டு, உட்கார இடமும் உண்டு. பழுத்த மரத்தையோ சருகு மூடிய நிழலையோ பார்த்தபடி 20 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால், நடந்து தேடுபவரைவிட அவருக்கு அதிகம் தென்படும். அமிர்த சரோவர் குளத்துக்குள் இறங்கும் படிகளை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். வசதியிருந்தால், முந்தின இரவே மலைமேல் உள்ள அரசு விடுதியில் தங்குங்கள். 3.30 மணி எழுச்சி இல்லை, வாயில் வரிசை இல்லை, அம்மா நிதானமாக எழுந்து வெளியே வந்தாலே மரக்கூட்டம் இருக்கும். அப்படித் தங்கினால் வரிசை மாறும்: காலை மேலே, சின்னானுக்கு மாலை 4 மணிக்குமேல் அடிவாரம்.

சூடான மேலுடை, மங்கிய நிறம், தண்ணீர். தின்பண்டத்தைக் கையில் தெரியும்படி வைக்காதீர்கள், நாட்டுக்குரங்குகள் பையோடு பிடுங்கும். வாயிலுக்கு முன் கழிப்பறைக்கு நம்பகமான இடம் இல்லை, தேவனஹள்ளி நெடுஞ்சாலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு காலை பெங்களூரு லால்பாக் பூங்காவுக்குப் போய் வாருங்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அங்கே பறவை பார்ப்பவர்கள் கூடி நடப்பது நெடுங்கால வழக்கம். மகளுக்குப் பைனாகுலர் பிடிக்கப் பழகும், உங்களுக்கு நம்பகமான வழிகாட்டியின் பெயரும் அங்கே கிடைக்கும். அந்த ஏற்பாட்டாளரிடம் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், 'கேரண்டி' என்று போட்ட விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, ரத்து செய்வதாக எழுத்தில் தெரிவியுங்கள். திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யலாம்.